பரலோக ராக்கினியின் புது டேங்க்

ஜனவரி 16, வியாழன். தூத்துக்குடி பழைய துறைமுகம்.

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தது கொறைரா முதலாளி. கோடு போட்ட நோட்டு, அட்டையில் ஒரு மயில். "கித்தேரியான், தெனமும் ரெண்டு வரி எழுது. இன்ஜின் எப்படி ஓடுது, புது டிரைவர் என்ன செய்யுதான், எல்லாம் எழுது. திரும்பி வந்ததும் நான் வாசிக்கணும்" என்றார். நான் ரெண்டாம் வகுப்பில் மூன்று மாதம் இருந்தவன். எழுத்து பழகினது கோயில் பாட்டுப் புத்தகத்தில். பிழை இருந்தால் முதலாளி பொறுத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு வரியில் ஒரு விஷயத்தை முடிக்கவும் எனக்கு வராது. அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் 'பரலோக ராக்கினி' தோணியின் தண்டல். தோணியை நடத்துகிறவன். இருபத்தாறு வருசமாக இதே தோணி. முதலில் பாய் மட்டும் இருந்தது, பிறகு இன்ஜினும் வந்தது. பாய் கட்டிய மரத்தோணிக்குள் இரும்பு இன்ஜின் கிடப்பது, கல்யாண வீட்டுக்குள் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் கொஞ்சம் குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கும்.

நாளை விடியற்காலம் மாலத்தீவுக்குப் புறப்படுகிறோம். ஜல்லி, செங்கல், மேலே வெங்காய மூட்டை. போன நடையில் டீசல் குறைந்தது என்று முதலாளி பழைய டிரைவர் ராயப்பனை இறக்கிவிட்டார். ராயப்பன் என் சம்சாரத்தின் தம்பி. அவன் இடத்தில் வந்திருப்பவன் சுடலைக்கண்ணு. விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டுக்காரன். கிணத்து மோட்டாரும் டிராக்டரும் பார்த்தவனாம். கடலுக்கு இதுதான் முதல் தடவை. கை கொடுத்து வணக்கம் சொன்னான். கை ரொம்பச் சுத்தமாக இருந்தது. இன்ஜின் டிரைவருக்குக் கை எதற்கு அவ்வளவு சுத்தம்?

முன்பு டீசல் டிரம்மில் இருக்கும். இந்த நடைக்கு முதலாளி புதுசாக இரும்பு டேங்க் வைத்திருக்கிறார். மேல்தட்டில் பெரிய மூடி, ரப்பர் வைத்து இறுக்கத் திருகுவது. அதோடு பின்பக்கம், குடைக்காம்பு மாதிரி வளைந்த ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் போகும். எதற்கு என்று கேட்க வெல்டிங்காரன் அங்கே இல்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இதில் ஒரு ரப்பர் டியூபை விட்டு வாய் வைத்து உறிஞ்சினால் மூடியைத் தொடாமலே டீசலை இறக்கிவிடலாம். ஒரு கேன் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்றும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது வேறு கதை.

தோணியில் துளையைக் கண்டால் அடைக்கிறவன் நான். கலப்பத்து அடிப்பது, அதாவது பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது, எனக்குச் சோறு பிசைகிற மாதிரி. நான் அடைத்த இடத்தில் இருபத்தாறு வருசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் குழாய்க்கும் பஞ்சு திணித்து, உளியால் அடித்து, குங்கிலியம் பூசினேன். மேலே கயிற்றுச் சுருளைப் போட்டு மறைத்தேன். முதலாளி இதைக் கவனிக்க வேண்டும். யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது.

ஜனவரி 17, வெள்ளி.

விடியலில் புறப்பட்டோம். நல்ல வாடைக்காற்று. பாயும் ஏற்றி இன்ஜினும் ஓட்டி, மணிக்கு ஆறு கடல் மைல்.

காலையில் பண்டாரி மிக்கேல் சாளை மீன் குழம்பு வைத்தான். பண்டாரி என்றால் சமையல்காரன். மிக்கேல் எனக்கு எட்டு வயது மூத்தவன், வாய் எண்பது வயது மூத்தது. டிரைவர் தட்டை வாங்கிக்கொண்டு கீழே போனான். கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாக வந்தது.

"ரெண்டு நிமிசத்துல திங்குதானே, பல்லு இருக்கா இல்ல அரவை மிசினா?" என்றான் மிக்கேல்.

மத்தியானம் இழுவை குறைந்தது. ஆறு மைல் நான்கானது. சத்தம் தணிந்து, சளி பிடித்தவன் பேசுவது மாதிரி. சுடலைக்கண்ணு ஏறி வந்து புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன டிரைவரே, புகையில சாமி தெரியுதா?"

"புகை கறுப்பா வந்தா இன்ஜினுக்குக் காத்து பத்தலைன்னு அர்த்தம் அண்ணாச்சி. இது கறுப்பா வரலை. அப்போ டீசல்தான் ஒழுங்கா வந்து சேரலை."

டீசல் வந்து சேரவில்லை! அவன் வாயாலேயே சொன்னான். டேங்கில் நிரம்பக் கிடக்கிற டீசல் இன்ஜினுக்கு வந்து சேரவில்லை என்றால் எங்கே போகிறது?

சாயங்காலம் டேங்குப் பக்கம் "டொம்" என்று ஒரு சத்தம். யாரோ இரும்பைத் தட்டுகிற மாதிரி. போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை.

ஜனவரி 18, சனி.

விடியும்போது நான் சுக்கான் பக்கம் இருந்தேன். கீழிருந்து சுடலைக்கண்ணு வந்தான். கையில் மூடி போட்ட ஒரு பெயின்ட் டின். யாரும் பார்க்கிறார்களா என்று ரெண்டு பக்கமும் பார்த்தான். பின்னால் போய்க் குனிந்து, டின்னில் இருந்ததைக் கடலில் ஊற்றி, கழுவி, மறுபடி மூடிக் கீழே கொண்டுபோனான். கழுவுகிறவன் எதை மறைக்கிறான்?

கரிசக்காட்டில் திருடுகிறவன் கதை ஒன்று உண்டு. என் மாமனார் சொல்வார். பருத்தி மூட்டையில் தண்ணீர் தெளித்து எடையை ஏற்றுவார்களாம். ஆனால் அது அவர் பருத்தி வாங்கி ஏமாந்த பிறகு சொன்னது, அதனால் எவ்வளவு நிஜம் என்று தெரியாது. அவரே உப்பில் மணல் கலந்து விற்றவர்.

காலை பூராவும் சுடலைக்கண்ணு இன்ஜினைப் பிரித்தான். டீசல் வடிகட்டியைக் கழற்றிப் புதுசு போட்டான். குழாயில் இருக்கிற காற்றை எடுக்கிறேன் என்று திருகைத் திறந்து டீசலை வடியவிட்டான். அதை ஒரு கேனில் பிடித்தான். காற்று எடுக்கக் கேன் எதற்கு என்று கேட்டேன்.

"கீழ ஊத்தினா வழுக்கும்லா அண்ணாச்சி."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான்.

மாட்டியதும் நன்றாக ஓடியது. மூன்று மணி நேரம். பிறகு பழைய கதை. அப்போது நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். அவன் நேராக டேங்குக்கு வந்து பெரிய மூடியைத் திருகினான். "உஸ்ஸ்" என்று பாம்பு மாதிரி ஒரு சத்தம், கூடவே அந்த "டொம்". உள்ளே எட்டிப் பார்த்தான், மூடிக்குக் காது வைத்தான், மறுபடி மூடினான். உடனே இன்ஜின் குதிரையாகிவிட்டது.

"என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலை அண்ணாச்சி. அதான் எனக்கும் புரியலை" என்று தலையைச் சொறிந்தான்.

ஒன்றும் செய்யாமல் இன்ஜின் எப்படிச் சரியாகும்? கெடுக்கிறவனுக்குத்தான் சரிபண்ணவும் தெரியும்.

அன்றே, சாயங்காலம்.

மூடியை ரெண்டு தடவை திறந்தான். ரெண்டையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு.

காலையில் எல்லோரும் செபமாலை சொன்னோம். சுடலைக்கண்ணு சாமி வேறே என்றாலும் கூட வந்து கைகட்டி நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது. குற்றமுள்ளவன் முகம் என்று நினைத்தேன்.

மறுபடி இழுவை குறைந்தது. சுடலைக்கண்ணு, "சுழலில வலை எதுவும் சுத்திருக்கா பாக்கணும்" என்றான். சுழலி என்றால் தோணிக்கு அடியில் சுற்றுகிற இன்ஜின் விசிறி. இன்ஜினை நிறுத்தியதும், கலாசி, அதாவது தோணி வேலையாள், ஸ்தனிஸ் இடுப்பில் கயிறு கட்டி முங்கினான். வலையும் இல்லை, கயிறும் இல்லை. நாலு சிப்பி ஒட்டியிருந்ததாம். ஸ்தனிஸ் மேலே வந்து, "சுழலி புதுப் பொண்ணு மாதிரி இருக்கு. இனிமே சந்தேகம்னா டிரைவர எறக்குங்க" என்றான்.

என் சம்சாரம் எலிசா புறப்படும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்த நடையில அந்தக் காட்டான் ஏதாவது சொதப்பினா முதலாளிட்ட சொல்லி என் தம்பிய ஏத்திரும்." அவள் சொன்னதற்காக நான் எதையும் எழுதவில்லை. கண்டதை எழுதுகிறேன்.

மத்தியானம் என் டிரங்குப் பெட்டியின் பூட்டைக் கழற்றி டேங்க் மூடிக்குப் போட்டேன். சாவியை, நான் போட்டிருக்கிற மாதா படம் வைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

சுடலைக்கண்ணு பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் அப்பப்போ தெறக்கணுமே அண்ணாச்சி."

"எதுக்கு?"

"தெறந்தா ஓடுது. ஏன்னு தெரியலை. தெரியுற வரைக்கும் தெறக்கணும்."

"டீசல் அளவு நான் பாத்துக்கிடுதேன். நீரு இன்ஜினப் பாரும்."

அவன் இறங்கிப் போனான். மிக்கேல் அரிசி களைந்துகொண்டே, "ஓய் தண்டல், பூட்டுக்கு ஒரு மாலையும் போட்டிரும்" என்றான். அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

ஜனவரி 20, திங்கள்.

இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். காலையிலும் மத்தியானமும் நானே பூட்டைத் திறந்து கோலை விட்டு அளவு பார்த்தேன். நான் திறந்து பார்த்த கொஞ்ச நேரத்தில் இன்ஜின் வேகம் பிடித்தது. ரெண்டு தடவையும். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றதும் அவன் ஒழுங்காக ஓட்டுகிறான். நான் போனதும் குறைக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முதலாளி இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

டீசல் ஓடின கணக்குக்குச் சரியாக இருக்கிறது. அது என் பூட்டால்.

காற்று விழுந்துகொண்டு வருகிறது.

ஜனவரி 21, செவ்வாய். காலை.

தீவின் பார் தெரிகிறது. காற்று இல்லை. நீரோட்டம் மேற்கே இழுக்கிறது, பாரை நோக்கி. இன்ஜின் முனகுகிறது. அவன் சாவி கேட்கிறான். கொடுக்க மாட்டேன்.

அன்றே, சாயங்காலம்.

நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

பார் என்றால் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பவளக்கல். பார்க்கப் பச்சையாக அழகாக இருக்கும். ஜல்லி ஏற்றிய மரத்தோணி அதில் ஒரு தடவை உட்கார்ந்தால் அடிப்பலகை அப்பளம். காற்று செத்துவிட்டதால் பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. நங்கூரம் போடலாம் என்றால் அந்த இடத்தில் கயிறு முழுதும் விட்டாலும் அடி தட்டாது. இன்ஜின் ஒன்றுதான். அது முன்னால் தள்ளுகிறதைவிட நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுவது அதிகம். அலை கல்லில் உடைகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சுடலைக்கண்ணு ஏறி வந்தான். உடம்பெல்லாம் வேர்வை.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி. மூடியத் தெறந்தாப் போதும்."

"மொதல்ல அந்த டின்னக் கொண்டு வா."

"எந்த டின்னு?"

"அன்னைக்கு விடியக்காலம் கடல்ல ஊத்துனியே, அந்த டின்னு. உள்ள என்ன வச்சிருக்கே? எந்தப் படகுக்கு அடையாளம் காட்டுதே?"

அவன் முகம் செத்துவிட்டது. கீழே போய் டின்னைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து மூடியைத் திறந்தான். ஸ்தனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். வாந்தி.

"ஏறின நாள்ல இருந்து ஒரு பருக்கை தங்கலை அண்ணாச்சி" என்றான் சுடலைக்கண்ணு. "கடலு ஒத்துக்கிடலைன்னு தெரிஞ்சா அடுத்த நடைக்கு ஏத்த மாட்டீங்க. ஊர்ல மூணு வருசமா மழை இல்லை, கெணத்துல மோட்டார் ஓட தண்ணி இல்லை. வேற வேலை எனக்கு இல்லை. அதான் மறைச்சேன். இப்போ சாவியக் குடுங்க."

மிக்கேல் கரண்டியோடு வந்து நின்றான். அவன் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருசத்தில் அவன் சிரிக்காமல் நின்று நான் பார்த்ததில்லை.

"ஓய், கல்லு தெரியுது. குடும்" என்றான்.

உத்தரியக் கயிறு கழுத்தில் சிக்கிக்கொண்டது. அறுத்துக் கொடுத்தேன்.

மூடியைத் திறந்ததும் "உஸ்ஸ்" சத்தம் இல்லை, ஊளை. டேங்க் தகடு "டொம்" என்று அடித்தது. நான் இந்த முறை பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். உள்ளே ஒட்டிப்போயிருந்த தகடு வெளியே வந்தது, பசித்தவன் வயிறு நிமிர்வது மாதிரி. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சுக்கானைத் திருப்பினேன். கல்லின் நிறம் தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிந்தது. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று திரும்புவதையும் பார்த்தேன். பிறகு தண்ணீர் மறுபடி நீலமானது.

"மூடியத் தெறந்தே வைங்க. தண்ணி தெறிச்சுறாம மட்டும் பாத்துக்கிடுங்க" என்றான் சுடலைக்கண்ணு. மிக்கேல் சோற்றுப்பானை மூடியைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு துறைமுகம் வரை டேங்குக்குப் பக்கத்திலேயே குத்தவைத்திருந்தான்.

கரை கட்டிய பிறகு சுடலைக்கண்ணு டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இப்போதான் புரியுது அண்ணாச்சி. டீசல் வெளிய போகப் போக அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலைன்னா டேங்கே டீசலைத் திருப்பி இழுக்கும். எந்த டேங்குக்கும் மூக்கு மாதிரி ஒரு குழாய் வைப்பாங்க. வெல்டிங்காரன் மறந்திருக்கான் பாருங்க. எத்தனை உசுரு! முதலாளிட்ட சொல்லி அவன நாலு கேள்வி கேக்கணும்."

நான் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தேன். சுருளுக்குக் கீழேதான் அந்த மூக்கு.

ஜனவரி 22, புதன். மாலத்தீவுத் துறைமுகம்.

வெங்காயம் இறக்குகிறார்கள். வெங்காய மூட்டையைப் பற்றி நிறையச் சொல்லலாம். நடுவில் ஒன்று அழுகினால் பக்கத்தில் இருக்கிற நாற்பதும் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. மணந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேண்டாம். அதை எழுதுவதற்காக நோட்டைத் திறக்கவில்லை.

மிக்கேல் வந்தான். "ஓய் தண்டல், நேத்துல இருந்து அந்தக் கயித்துச் சுருள விட்டு எந்திக்க மாட்டேங்கீரு. முட்டை போட்டிருக்கீரா?"

நான் எழுந்தேன். சுருளைத் தள்ளினேன். உளியை எடுத்துக் குழாயில் இருந்த அடைப்பைக் குடைந்தேன். கால் மணி நேரம் ஆனது. என் கை வேலை லேசில் வராது. சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு, பஞ்சும் குங்கிலியமும் கெட்டியாக ஒட்டிய அந்தக் கட்டியை அவன் கையில் வைத்தேன். திருடுகிற குழாய் என்று நினைத்து அடைத்தேன் என்றேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாயையும் பார்த்தான். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"நல்லா அடைச்சிருக்கீங்க அண்ணாச்சி" என்றான். "ஒரு பொட்டுக் காத்து போகலை."

திட்டியிருந்தால் தேவலை.

இந்த நோட்டை அவனிடம் நீட்டினேன். உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், முதலாளியிடம் போவதற்கு முன் நீ வாசி என்றேன். தனக்கு வாசிக்க வராது என்றான். அதனால் நானே வாசிக்க வேண்டியதாகிவிட்டது. முதல் பக்கத்திலிருந்து, அவன் முகத்துக்கு நேரே. சுத்தமான கையைப் பற்றி எழுதியது, கரிசக்காட்டுத் திருடன் கதை, குற்றமுள்ளவன் முகம், எல்லாம். எழுதும்போது சின்னதாக இருந்த எழுத்து வாசிக்கும்போது என்ன பெரிதாகக் கேட்கிறது! மிக்கேல் ஒரு கட்டத்தில் அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

சுடலைக்கண்ணு கண்ணை மூடிக் கேட்டான். இன்ஜினுக்குக் காது கொடுப்பானே, அதே மாதிரி. முடித்ததும் சொன்னான்:

"என்னப் பத்தி எழுதினது போகட்டும் அண்ணாச்சி. ஒரே ஒரு எடத்துல சத்தம் மாறுது. போன நடை, பழைய டிரைவர்னு வரும்போது உங்க கொரலு எறங்குது. அந்த எடத்துல டீசல் வரலை."

நான் நோட்டை மூடிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்.

முதலாளிக்கு.

போன நடையில் டீசல் எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வலைப்படகு ஒன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே வந்து ஒட்டியது. ராயப்பன் டிரம்மில் டியூபை விட்டு உறிஞ்சினான். டியூபின் மறுமுனையைப் படகுக்காரன் கேனில் பிடித்திருந்தது நான். எலிசாவின் தம்பி, வீட்டில் சண்டை வரும் என்று நினைத்தேன். ஒரு தடவைதான் என்றும் நினைத்தேன். மூன்று தடவை ஆனது. ஒரு கேன் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அப்படித்தான் தெரியும். நீங்கள் ராயப்பனை மட்டும் இறக்கினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீங்கள் அதை வருத்தம் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தீர்கள். பிறகு இந்த நோட்டையும் கொடுத்தீர்கள்.

எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

டேங்கின் குழாய் திறந்திருக்கிறது. இன்று காலை இன்ஜினை நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் மாறவில்லை. மூடியில் பூட்டு இல்லை. மிக்கேல் வெறும் கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தான். சுடலைக்கண்ணு மேல்தட்டில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து குடித்தான். பாதி தங்கியது.

நோட்டில் இன்னும் கொஞ்சம் பக்கம் மிச்சம் இருக்கிறது. திரும்பும் நடைக்கு அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. தண்டல் என்ன செய்கிறான், எங்கே போகிறான், டேங்குப் பக்கம் எத்தனை தடவை வந்தான், எல்லாம். முதல் வரியை இப்போதே சொல்லிவிட்டான். எழுதுகிறேன்:

தண்டல் இன்று கயிற்றுச் சுருளின் மேல் உட்காரவில்லை.